லெந்து நாற்பது நாள்: சேலத்துச் சபை வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, "லெந்துக்கு எதை விடப்போறீங்க?" என்று கேட்டேன். ஈஸ்டருக்கு முன்னால் வரும் நாற்பது நாள் உபவாசக் காலம்தான் லெந்து, அதில் பிடித்த ஒன்றை விடுவது வழக்கம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் உடனே கையைத் தூக்கி, "தட்டுவடை செட்" என்றான். சேலத்துப் பிள்ளை அந்தத் தெருக்கடைத் தின்பண்டத்தை விடுகிறேன் என்று சொன்னால் அது பெரிய தியாகம்தான். எல்லோரும் கைதட்டினோம். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் மட்டும் கைதட்டவில்லை. "அந்தக் காச என்ன பண்ணுவ?" என்று அவனைக் கேட்டாள்.

அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அத்தனை வருஷம் லெந்து அனுசரித்தும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. நான் விட்டது யாரிடம் போய்ச் சேர்ந்தது? கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எங்கள் சபையில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்த்தவை. முதல் முறையாக லெந்து அனுசரிக்கும் வீட்டுக்கும், வழக்கமாகச் செய்து சலித்துப்போன வீட்டுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் நாட்காட்டி

வசந்த சம இரவு நாளாகச் சபை வைத்திருக்கும் மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால் ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன்னாலும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னாலும் வராது. ஈஸ்டரிலிருந்து 46 நாள் பின்னால் போனால் சாம்பல் புதன், நெற்றியில் சாம்பல் பூசி லெந்தைத் தொடங்கும் நாள். 2026-ல் பிப்ரவரி 18, 2027-ல் பிப்ரவரி 10, 2028-ல் மார்ச் 1.

46 நாளில் ஆறு ஞாயிறுகள் கணக்கில் சேராது. ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுதலின் நாள், அன்றைக்கு உபவாசம் கிடையாது. மீதி 40. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டதற்காக யாரும் குற்ற உணர்ச்சியோடு இருக்க வேண்டாம்.

நம் ஊரில் இது மாசி, பங்குனி. பிளஸ் டூ பரீட்சை, வருஷக் கடைசிக் கணக்கு, ஏறும் வெயில் எல்லாம் ஒன்றாக வரும் காலம். லெந்தில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் தை மாதத்திலேயே கல்யாணங்களை முடித்துவிடுவார்கள். 2026, 2027 இரண்டு வருஷமும் ரமலான் நோன்பும் சாம்பல் புதன் வரும் அதே வாரத்தில்தான் தொடக்கம். அக்கம்பக்கத்து வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தால் நாமும் உபவாசத்தில் இருக்கிறோம் என்று சொல்லி, சாயங்காலம் சேர்ந்து குடிக்கலாம். அதைவிட நல்ல லெந்து கூட்டம் எனக்குத் தெரியாது.

சாம்பல் புதனுக்கு முந்தின வாரம்

போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று, அதாவது ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறன்று, ஆலயத்திலிருந்து கொண்டுவந்த ஓலையை வீட்டில் தேடி எடுங்கள். வேதாகமத்துக்குள் ஒரு சிலுவை இருக்கும், சுவரில் படத்துக்குப் பின்னால் ஒரு ஓலை சொருகியிருக்கும். எல்லாவற்றையும் ஞாயிறு ஆராதனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். சாம்பல் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சாம்பல் எடுப்பதைப் பார்த்தால் எளிது, செய்தால்தான் தெரியும். காய்ந்த ஓலையைச் சின்னத் துண்டாகக் கிழித்து, பழைய இரும்புச் சட்டியில் போட்டு, காற்று அடிக்காத மூலையில் எரிக்க வேண்டும். பாதி எரிந்ததோடு விட்டால் கரித்துண்டுதான் மிஞ்சும். கிளறிக் கிளறி முழுக்க எரித்து, ஆறவைத்து, அம்மியில் நுணுக்கி, பழைய வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். கை நிறைய அள்ள முடியாத ஒரு கட்டு ஓலை கடைசியில் ஒரு சின்னக் கிண்ணம் சாம்பலாகிறது. பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். "இவ்வளவுதானா?" என்று கிண்ணத்தை எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். சாம்பல் புதன் பிரசங்கம் அந்த ஒரு வார்த்தையிலேயே இருக்கிறது. குழைக்கத் தண்ணீர் சேர்க்க வேண்டாம், ஈரச் சாம்பல் தோலை அரிக்கும். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும்.

எங்கள் ஆலயத்தில் சாம்பல் பூசுவதே இல்லையே என்று சிலர் கேட்பீர்கள். அதுவும் சரிதான். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை), மெதடிஸ்ட், லண்டன் மிஷன் (லண்டன் மிஷனரி சங்கம்) வழி வந்தவர்கள் எல்லாம் ஒன்றானார்கள். சேலம் டவுனில் லண்டன் மிஷன் வழியில் வந்த குடும்பங்கள் நிறைய. ஆங்கிலிக்கன் வழியில் வந்தது சேலம் கிறிஸ்து ஆலயமும் ஏற்காடு பரிசுத்த திரித்துவ ஆலயமும். அந்த ஆங்கிலிக்கன் வழியிலேயே கூட பழைய ஜெபப் புத்தகத்தில் சாம்பல் பூசும் சடங்கு இல்லை. அதற்குப் பதிலாகப் பாவ எச்சரிப்பு ஆராதனை ஒன்று இருந்தது. ஆக, ஒரே வீட்டில் மாமியார் சாம்பல் பூசாமலும் மருமகள் பூசிக்கொண்டும் இருக்கலாம். இரண்டும் லெந்துதான்.

சாம்பல் புதன்

காலையிலோ சாயங்காலமோ ஆராதனைக்குப் போய்விடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டு வைப்பது நல்லது. அன்றைக்கு வாசிக்கும் யோவேல் 2-ல் "உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து" என்று வரும். மத்தேயு 6-ல், உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவச் சொல்லுகிறார் ஆண்டவர். அதை வாசித்துவிட்டு நெற்றியில் சாம்பலோடு பஸ் ஏறுவதா என்ற கேள்வி நியாயமானது. நான் ஆலயத்தை விட்டு வெளியே வரும்போது துடைத்துவிடுவேன். யாராவது கேட்டுப் பதில் சொல்லும் வாய்ப்பு கிடைக்கும் என்று வைத்திருப்பவர்களையும் மதிக்கிறேன்.

ஜெபப் புத்தகத்தில் சாம்பல் புதனுக்கான ஜெபம், தேவன் தாம் படைத்த எதையும் வெறுக்கிறவரல்ல என்று தொடங்கும். அந்த ஜெபத்தை லெந்து முழுக்க ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும் என்பது விதி. வீட்டில் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மனம் வருந்தச் சொல்லும் காலம் இந்த வார்த்தையோடு தொடங்குகிறது என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம், மனந்திரும்புதலின் சங்கீதங்கள் ஏழு: 6, 32, 38, 51, 102, 130, 143. பழைய முறைப்படி இந்த ஏழும் சாம்பல் புதன் ஒரே நாளில் வாசிக்கப்படும். வீட்டுக்கு அது அதிகம். சாம்பல் புதன் வரும் அரை வாரத்தோடு சேர்த்து லெந்தில் ஏழு வாரம் இருப்பதால், வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சங்கீதத்தை ஏழு நாளும் வாசித்தால் ஐந்தாம் நாள்தான் அது நம்மோடு பேசத் தொடங்கும்.

எதை விடுவது, எப்படி விடுவது

ஜெபப் புத்தகம் உபவாச நாட்களின் பட்டியலைத் தருகிறது. லெந்தின் 40 நாளும் அதில் உண்டு. என்ன சாப்பிட வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது என்று அது சொல்வதில்லை. கத்தோலிக்க நண்பர்களுக்கு ஒருசந்தி (நாளைக்கு ஒரு முழுச் சாப்பாடு), சுத்தபோசனம் (மாமிசம் விடுவது) என்று தெளிவான ஒழுங்கு உண்டு. நமக்கு அதை நம் கையில் விட்டிருக்கிறார்கள். அதனாலேயே பலர் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறோம்.

என் யோசனை இது. விடுவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், ஆனால் அதை எண்ண முடிய வேண்டும். "டி.வி. குறைப்பேன்" என்றால் நாலாம் நாள் மறந்துபோகும். "ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போனைத் தொட மாட்டேன்", "வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு கிடையாது", "சாயங்காலக் கடை டீ கிடையாது" என்றால் மறக்காது. அதற்குப் பக்கத்திலேயே இரண்டாவது வரியையும் எழுதுங்கள்: இதில் மிஞ்சும் காசு, அல்லது நேரம், யாருக்கு? டீக்கு மிஞ்சிய காசு லெந்து உண்டியலுக்கு. போனில் மிஞ்சிய அரை மணி நேரம் ஊரிலிருக்கும் பெரியம்மாவோடு பேச. இரண்டாவது வரி காலியாக இருந்தால் முதல் வரியை மாற்றுங்கள். அந்தத் தட்டுவடைப் பையன் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் காசு சேர்த்தான். குருத்தோலை ஞாயிறன்று அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மாமிசத்தை விடும் வீடுகள் அதிகம். நம் பக்கத்தில் அதற்குச் சிரமமே இல்லை. ராகிக் களி, கம்மங்கூழ், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் வாசலுக்கே வரும். ஆனால் கறிக்குப் பதிலாகப் பன்னீரும் காளானும் வாங்கிச் செலவை ஏற்றிவிட்டால் ஏழைக்குப் போக வேண்டிய காசு மறுபடி நம் தட்டுக்கே வந்துவிடும்.

உடம்பு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வயதானவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் சாப்பாட்டை விடவே வேண்டாம். வேறொன்றை விடலாம். தண்ணீரை யாரும் விடக் கூடாது. நான் வாலிப வயதில் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, தண்ணீர்கூடக் குடிக்காமல், பகல் 12 முதல் 3 மணி வரை நடக்கும் மும்மணி ஆராதனைக்குப் போனேன். ஏப்ரல் மாதச் சேலத்து வெயில். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தையின் தியானம் நடக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். பின்னால் இருந்த பாட்டி என்னை வெளியே கூட்டிப்போய், வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, உப்புப் போட்ட தண்ணீரைக் கையில் கொடுத்துச் சொன்னார்: "தாகமாயிருக்கேன்னு அவரே வாய்விட்டுக் கேட்டாரு கண்ணு. நீ எதுக்கு அடக்கற?"

பிடியரிசி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நம் பாட்டிமார் காலத்து வழக்கம் இது. சோறு பொங்க அரிசி அளக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். கவனியுங்கள், அளந்த பிறகு அதிலிருந்து. மூட்டையிலிருந்து கூடுதலாக ஒரு பிடி எடுத்துப் போட்டால் அது தானம் மட்டும்தான். உலைக்குப் போக வேண்டியதிலிருந்து எடுத்தால் அன்றைக்கு வீட்டில் எல்லோர் தட்டிலும் ஒரு கவளம் குறையும். உபவாசமும் காணிக்கையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

என் பிடியை நிறுத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட 40 கிராம். நாளைக்கு ஒரு பிடி என்றால் 40 நாளில் 1,600 கிராம். ஒரு வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஐம்பது வீடு சேர்ந்தால் 80 கிலோ.

டப்பாவை அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், தள்ளி வைத்தால் மறந்துவிடும். வண்டு வராமலிருக்க நாலு காய்ந்த மிளகாய் போடுங்கள். எல்லா வீட்டு அரிசியும் ஒரே ரகமாக இருக்காது. பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி என்று கலந்துவிட்டால் சோறு சரியாக வேகாது. அதனால் ஆலயத்தில் மூன்று பாத்திரம் வைத்துத் தனித்தனியாகக் கொட்டச் சொல்லுங்கள். முதல் வருஷம் நாங்கள் இதை யோசிக்காமல், கடைசியில் எல்லாவற்றையும் மாவாக அரைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

யாருக்குக் கொடுப்பது என்பதை லெந்து தொடங்கும் முன்பே பெண்கள் ஐக்கிய சங்கமும் ஆயரும் பேசி முடிவு செய்துவிட வேண்டும். ஒரு முதியோர் இல்லமாக இருக்கலாம், அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருந்து வெளியே சாப்பாட்டுக்குத் தவிக்கும் குடும்பங்களாக இருக்கலாம். சபைக்குள்ளேயே கஷ்டப்படும் வீடு இருந்தால் ராத்திரியில் சத்தமில்லாமல் கொண்டுபோய் வைக்க வேண்டும். மேடையில் கூப்பிட்டுக் கொடுத்துப் படம் எடுப்பதை நான் முழு மூச்சாக எதிர்ப்பேன். வாங்குகிறவர் தலைகுனியக் கூடாது.

வாரம் ஒரு வீடு

லெந்து கூட்டம் எல்லாச் சபையிலும் நடக்கிறது. ஏரியா வாரியாகப் பிரித்து, வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒரு வீட்டில் பாமாலை, கீர்த்தனை, வாசிப்பு, தியானம், ஜெபம் என்று ஒழுங்கு. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல விரும்புவது இரண்டு.

கூட்டம் முடிந்ததும் பஜ்ஜி, கேசரி, காபி என்று போய்விடுகிறது. ஒரு வீடு கேசரி செய்தால் அடுத்த வீடு கேக் வாங்குகிறது. கடைசியில் வசதியில்லாத வீடு "எங்க வீட்ல வேண்டாங்க" என்று ஒதுங்கிவிடுகிறது. வருஷத் தொடக்கத்திலேயே சுக்குக் காபி மட்டும் என்று எல்லோருமாக முடிவெடுத்துவிடுங்கள். எங்கள் பகுதியில் அப்படி வைத்த வருஷம், அதுவரை கூட்டம் வைக்காத நெசவாளர் வீடு ஒன்று எங்களைக் கூப்பிட்டது. ஒற்றை அறை, பாதி இடம் தறிக்கு. தறிக்குழி ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து ஏசாயா 58 வாசித்தோம். பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்று அதில் வருகிறது. அந்த வீட்டுக்காரம்மாதான் வாசித்தார்.

இரண்டாவது, பேச்சு நின்றுபோன உறவு. சபைக்குள் இரண்டு குடும்பம் பேசாமல் இருப்பது புதிதல்ல, வரப்புத் தகராறோ கமிட்டித் தேர்தலோ ஏதாவது ஒன்று இருக்கும். மத்தேயு 5, காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் திருவிருந்துக்கு முன்னால் அந்த வீட்டுப் படியை மிதித்துவிடுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், "உங்களப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்று தொடங்கலாம். மனது தாங்க முடியாத பாரம் இருந்தால் ஆயரிடம் தனியாகப் பேசிப் பாவ அறிக்கை செய்யும் வழியும் நம் மரபில் உண்டு. கட்டாயம் இல்லை, ஆனால் கதவு திறந்திருக்கிறது.

ஒரு நாள் மலைக்கு

நாற்பது நாளில் ஒரு வார நாளை ஒதுக்கி, காலை பஸ்ஸில் ஏற்காட்டுக்கு ஏறுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், 20 கொண்டை ஊசி வளைவும் வண்டியாக நிற்கும்.

லெந்து சமயம்தான் சேர்வராயன் மலையில் காபி பூக்கும் பருவம். காபி மொட்டு வறட்சியில் காய்ந்து காத்திருக்கும். அந்த வறட்சி இல்லாவிட்டால் பூ ஒரே சீராக வராது. பூ மழை, அதாவது மொட்டை விரியவைக்கும் கோடை மழை, விழுந்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாக விரியும். மூன்று, நாலு நாள்தான் இருக்கும். வாசனை மல்லிகை மாதிரி.

பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் கொஞ்ச நேரம் அமைதியாக உட்காருங்கள். பல்லாவரத்தில் 1863-ல் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்கு இங்கே நினைவுச் சின்னம் உண்டு. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர், நம் பழமொழிகளைத் தொகுத்தவர். அவர் 1882-ல் காலமானதும் ஏற்காட்டில்தான். சாம்பல் பூசும்போது சொல்லும் "நீ மண்ணாயிருக்கிறாய்" என்ற வார்த்தையை லட்சக்கணக்கான வருஷ மண்ணைத் தோண்டியவரின் நினைவிடத்துக்குப் பக்கத்தில் நின்று யோசித்துப் பாருங்கள்.

கட்டுச்சோறு வேண்டாம், ஒரு பாட்டில் தண்ணீரும் அந்த வாரச் சங்கீதமும் போதும். போன் பையில் இருக்கட்டும்.

பரிசுத்த வாரம்

குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை முந்தின நாளே வந்துவிட வேண்டும். மலைக் குளிரில் தென்னை வராது, மலைச் சபைகளுக்கு ஓலை கீழிருந்துதான் ஏற வேண்டும், அதனால் இன்னும் ஒரு நாள் முன்னால் சொல்லிவையுங்கள். ஈரத் துணியில் சுற்றி வைத்தால் வாடாது. பவனி வெயில் ஏறும் முன் முடியட்டும்.

பெரிய வியாழன் ஆராதனையில், இயேசு சீடர்களின் காலைக் கழுவிய நினைவாகக் கால் கழுவும்போது பன்னிரண்டு பேரும் கமிட்டிக்காரர்களாகவே இருக்க வேண்டியதில்லை. ஆலயத்தைக் கூட்டுகிறவர், புதிதாகத் திடப்படுத்தல் (சபையில் முழு அங்கமாகும் சடங்கு) எடுத்த பிள்ளை, இவர்கள் காலும் அதில் இருக்கட்டும். ஆராதனை முடிவில் பீடத்தை வெறுமையாக்கும்போது விளக்கு ஒவ்வொன்றாக அணையும். பேசாமல் வீட்டுக்குப் போங்கள்.

பெரிய வெள்ளி, பகல் 12 முதல் 3 மணி வரை சிலுவையின் ஏழு வார்த்தைகள். மும்மணி ஆராதனை ஆதிகாலத்தது என்று பலர் நினைக்கிறோம். பெரு நாட்டு லிமா நகரில் இயேசு சபைக் குருக்கள் 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியது இது. 19-ம் நூற்றாண்டில்தான் ஆங்கிலிக்கன் ஆலயங்களுக்கு வந்தது. ஏழு பேர் தியானம் கொடுப்பதானால் ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். மிச்ச நேரம் பாடலுக்கும் மௌனத்துக்கும். மௌனத்தை வெட்டிவிடாதீர்கள்.

முடிந்ததும் கஞ்சி. நூறு பேருக்கு நொய்யரிசி 6 கிலோ, வறுத்த பாசிப்பருப்பு ஒன்றரைக் கிலோ, ஒரு கை வெந்தயம், உரித்த பூண்டு அரைக் கிலோ, தண்ணீர் 60 லிட்டர். காலை 11 மணிக்கு அடுப்பு மூட்டினால் நிதானமாகக் குழையும். இறக்கும் முன் உப்பும் பத்துத் தேங்காயின் பாலும். தொட்டுக்கொள்ளத் துவையல் மட்டும். தெருவில் போகிறவருக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள்.

சனிக்கிழமை ஆராதனை எதுவும் வைக்காமல் விட்டாலும் பரவாயில்லை. கல்லறைத் தோட்டத்தில் களை எடுத்து, கல்லைக் கழுவி வையுங்கள்.

ஈஸ்டர் காலையும் அதற்கு மறுநாளும்

விடியற்காலை ஆராதனைக்கு அலாரம் வைத்து எல்லோரையும் எழுப்புங்கள். லெந்து முழுக்கப் பாடாமல் வைத்திருந்த அல்லேலூயாவை அன்றைக்குத் தொண்டை திறந்து பாட வேண்டும். பீடத்தில் மறுபடி பூ, ஊதா துணி போய் வெள்ளை. மதியம் பிரியாணி.

மறுநாள் திங்கட்கிழமை உண்டியலையும் பிடியரிசிக் கணக்கையும் மூன்று பேர் சேர்ந்து எண்ணி, எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று அடுத்த ஞாயிறு சபையில் வாசித்துவிடுங்கள். பிள்ளைகள் சேர்த்த காசையும் தனியாகச் சொல்லுங்கள், அவர்கள் காத்திருப்பார்கள். பிடியரிசி டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்து, அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே திரும்ப வையுங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது வருஷம் முழுக்க அங்கேயே இருக்கிறது.